அறுபத்தொன்று புள்ளி எட்டு

லிபின் நாலு நாற்பதுக்கு எழுந்தான். பல் தேய்த்தான். பாலில்லாமல் கட்டஞ்சாயா போட்டு, அடுப்படியில் நின்றபடியே குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். முன்னறைக்கு வந்து, சோபாவில் கிடந்த ஸ்கீயைக் குப்புறத் திருப்பி, வெர்னியர் காலிப்பரை எடுத்து, அதன் வாலில் மீன் துடுப்புபோல நிற்கும் ஃபின்னின் உயரத்தை அளந்தான். அறுபத்தொன்று புள்ளி எட்டு மில்லிமீட்டர். நேற்றும் அதுதான். முந்தாநாளும் அதுதான். காலிப்பரைப் பெட்டியில் வைத்து மூடினான்.

ஒரு நாளில் அவன் செய்கிற காரியங்களில் பிழையில்லாமல் நடப்பது இது ஒன்றுதான். பாலராமபுரம் பக்கம் ஒரு சிறு தொழிற்சாலையில் பம்பு உதிரிப் பாகங்களை அளந்து, சரியானதை இந்தப் பெட்டியிலும் பிசகானதை அந்தப் பெட்டியிலும் போடுவது அவன் உத்தியோகம். அதற்காக நாலு வருஷம் என்ஜினியரிங் படித்திருந்தான். எட்டு மணி நேரம் அங்கே அளந்துவிட்டு வந்து வீட்டிலும் அளந்தான். மனைவி செத்து ஒரு வருஷமாகப் போகிற முப்பத்தொரு வயதுக்காரன் வேறு என்னவெல்லாமோ செய்யலாம். தாடி வளர்க்கலாம், அவனுக்குத் தாடி திட்டுத்திட்டாகத்தான் வரும். குடிக்கலாம், குடித்தால் அவனுக்குத் தும்மல் வரும். ஆகவே அளந்தான்.

ஸ்கீ என்றால் பனியில் போவது அல்ல, தண்ணீரில் போவது. படகு கயிற்றால் இழுக்கும். ஒற்றைப் பலகையில் இரண்டு காலையும் முன்னும் பின்னுமாக மாட்டிக்கொண்டு, ஆறு மிதவைகளை இடமும் வலமுமாக மாறி மாறிச் சுற்றி வர வேண்டும். ஆறையும் சுற்றிவிட்டால் அடுத்த முறை கயிற்றைக் கொஞ்சம் குறைப்பார்கள். குறையக் குறைய ஆட்டம் கடினமாகும். லிபினுடைய கயிற்றை யாரும் குறைத்ததில்லை. வாங்கிய நீளத்திலேயே கிடந்து வெயிலில் வெளுத்துப் போயிருந்தது.

இதெல்லாம் ஜினியின் ஏற்பாடு. கத்தாரில் நர்சாக இருந்த நாலு வருஷமும் வெள்ளிக்கிழமைதோறும் அவள் ஒரு கடல் கிளப்பில் இதைக் கற்றிருந்தாள். ஊருக்குத் திரும்பியபோது மற்றவர்கள் பெரிய டிவி கொண்டுவந்தார்கள். அவள் இதைக் கொண்டுவந்தாள். விமான நிலையத்தில் கஸ்டம்ஸ்காரர் பலகையை இப்படியும் அப்படியும் புரட்டிவிட்டு, "இதின்றெ ஜோடி எவிடெ?" என்று கேட்டாராம். "அடுத்த லீவுக்குக் கொண்டுவராம் சாரே" என்றாளாம் ஜினி.

கல்யாணத்துக்குப் பிறகு லிபினுக்கும் அதே பலகையில்தான் பயிற்சி. பலகைமேல் பொருத்தியிருந்த, அவளுடைய காலுக்கு அளவான ரப்பர் பூட்ஸில் தன் காலை நுழைக்க அவன் பாத்திரம் கழுவும் சோப்பை ஊற்றிக்கொள்வான். இப்போதும் அப்படித்தான். புதிய பூட்ஸ் வாங்கலாம். வாங்கவில்லை.

வியாழக்கிழமை அது. ஸ்கீயைப் போர்வையில் சுற்றி பைக்கின் பக்கவாட்டில் கட்டிக்கொண்டு பாறசாலையிலிருந்து கிளம்பினான். வழியில் கொல்லயில் என்ற ஊரில் மாமனார் ரெத்தினதாஸ் கேட்டுக்கு வெளியே குடையோடு நின்றார். முப்பத்தொரு வருஷம் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பைக்கில் பின்னால் உட்கார்ந்தாலும் வலது கால் பிரேக்கைத் தேடும்.

படகில் பின்னோக்கி உட்கார்ந்து, ஸ்கீக்காரன் விழுந்தால் கத்துவதற்கு ஓர் ஆள் வேண்டும். ஆள் இல்லாமல் இழுக்க மாட்டேன் என்று படகுக்காரர் சதாசிவன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஜினி ஓட்டும்போது லிபின் கத்தினான். லிபின் ஓட்டும்போது ஜினி கத்தினாள். ஜினி போன பிறகு ரெத்தினதாஸ் தானாகவே வந்து ஏறிக்கொண்டார். "வீட்டில கெடந்தா ஒனக்க மாமி வெண்டக்கா நறுக்கத் தருவா. அதுக்கு இது தேவலாம்" என்று காரணம் சொன்னார். வேறு காரணமும் இருந்தது. மகள் தனியாகப் போய்த்தான் திரும்பவில்லை.

பூவார் காயலில் ஆறு மணிக்குத் தண்ணீர் அசையாது. சுற்றுலாப் பயணிகளுக்கான படகுகள் எட்டு மணிக்குத்தான் கிளம்பும். அதுவரை சதாசிவனின் ஃபைபர் படகு இவர்களுக்கு. மிதவைகள் மீன்வலையில் கட்டுகிற ஆரஞ்சு நிற உருண்டைகள். ஜினி செங்கல்லில் கட்டி இறக்கியவை. நாலாவது மிதவை மழைக்காலத்தில் அடித்துப் போனதால் அந்த இடத்தில் ஒரு காலி பினாயில் கேன் மிதந்தது.

"எறங்கு மக்கா," என்றார் சதாசிவன். "வெள்ளம் தணுப்பாக்கும். எப்படியும் உள்ளதான் கெடக்கப் போற, இப்பமே பழகிக்க."

லிபின் இறங்கினான். கயிறு விறைத்தது. எழுந்தான். எழுவதில் அவன் மோசமில்லை.

மிதவையைச் சுற்றும்போது நடக்க வேண்டியது இது. படகின் அலையைக் கடந்ததும் பலகையை ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாற்ற வேண்டும். கைப்பிடி இடுப்பருகே இருக்க வேண்டும். பாரம் முன்காலில். பார்வை மிதவையில் அல்ல, அதற்கு அப்பால். ஒரு கையை விட்டு, உடம்பை நீட்டி, பொறுமையாகக் காத்திருந்தால் பலகை தானே திரும்பி வந்து காலுக்கடியில் நிற்கும். இதெல்லாம் லிபினுக்கு மனப்பாடம். முந்நூறு வீடியோ பார்த்திருந்தான். நார்வேக்காரர் ஒருவரின் முழங்காலை அவர் மனைவியைவிட அதிக நேரம் பார்த்தவன் அவனாகத்தான் இருக்கும்.

நடந்தது இது. முதல் மிதவையில் பலகையின் வால் வழுக்கியது, சமாளித்தான். இரண்டாவதுக்குத் தாமதமாக வந்தான். மூன்றாவதுக்கு இன்னும் தாமதமாக வந்து, திரும்பினான். வால் வெளிப்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே போனது. விழுந்தான் என்று சொன்னால் அது மிகை. பஸ்ஸில் சீட்டுக் கிடைத்தவன்போல உட்கார்ந்தான்.

"மூணில!" என்று ரெத்தினதாஸ் அறிவித்தார். படகு வட்டமடித்து அருகே வந்தது. "மருமோனே, இண்ணைக்கும் அதே ஸ்டாப்பில எறங்கிட்டியே?"

"டிக்கெட்டு அதுவரைக்கும்தான் எடுத்தேன் மாமா."

"வளைவில ஸ்டியரிங்க ஒடிக்கப்பிடாது. முன்னமே வெலகி, அகலமா எடுத்து, பிறவு மெதுவா உள்ள விழணும். நான் எத்தன வருஷம் சொல்லியாச்சு?"

துரதிர்ஷ்டம் என்னவென்றால், அது சரியான அறிவுரை. வீடியோக்காரர்களும் அதையேதான் சொன்னார்கள். லிபின் அகலமாக எடுத்தான். மறுபடியும் மூன்றாவதில் உட்கார்ந்தான். இந்த முறை அகலமாக உட்கார்ந்தான்.

ஜினி இருந்தபோது அவன் நாலு மிதவை சுற்றியிருக்கிறான். ஒரு முறை நாலரை. அவள் போன பிறகு மூன்றைத் தாண்டவில்லை. இதை அவன் ஒருவாறு ஒத்துக்கொண்டிருந்தான். துக்கம் சிலருக்குப் பசியை எடுத்துக்கொள்ளும், சிலருக்குத் தூக்கத்தை. தனக்கு இரண்டு மிதவையை எடுத்துக்கொண்டது என்று கணக்குத் தீர்த்திருந்தான். அதைத் தவிர அவனுக்குத் துக்கம் இருப்பதற்கு வேறு சாட்சியும் இல்லை. அடக்கத்தன்று அழவில்லை. அதற்குப் பிறகும் அழவில்லை. பல் வலிக்கு மரத்துப்போகிற ஊசி போட்டதுபோல இருந்தது; ஊசி போட்டவர் மட்டும் திரும்பி வரவில்லை.

சதாசிவன் பீடியைப் பற்றவைத்தார். "எலே, நான் ஒண்ணு சொல்லட்டா? இது ஆளுக்க கொறயில்ல. பலகைக்க கொற. எனக்க எஞ்சின்ல புரொப்பல்லர் கொஞ்சம் மேல ஏறி இருந்தா இப்படித்தான் வால் ஆடும். அந்த ஃபின்ன ஒரு நூலு எறக்கிப் பாரு."

"அதத் தொடண்டாம்ணு சொல்லியிருக்கா," என்றான் லிபின்.

"யாரு?" என்றார் ரெத்தினதாஸ்.

"ஜினி."

"எப்போ?"

லிபின் கைப்பிடியைத் தேடித் தண்ணீருக்குள் தலையை விட்டான். கைப்பிடி அவன் கையிலேயே இருந்தது.

எப்போது என்பதுதான் சிக்கல்.

ஜினி இறந்தது ஒரு புதன்கிழமை. காலை ஆறே முக்காலுக்கு ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரி டியூட்டிக்குக் கிளம்பினாள். ஏழு பத்துக்கு அமரவிளை அருகே ஒரு டிப்பர் லாரி. அவ்வளவுதான். அடக்கத்துக்கு முன் போதகர் லிபினைத் தனியாக அழைத்துத் தோளில் கை வைத்தார். நல்ல மனுஷர். "தம்பி, சகோதரி கடைசியா உங்ககிட்ட என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். பிரசங்கத்துக்கு வேண்டியிருந்தது. லிபின் வாயைத் திறந்தான். ஃபின்னைத் தொடாதே என்று சொன்னாள் என்பதை ஒரு போதகரிடம் எப்படிச் சொல்வது? முதலில் ஃபின் என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். வெளியே நானூறு பேர் நின்றார்கள். அவன் பேசாமல் நிற்பதைப் பார்த்து, "ஏதாவது வசனமா?" என்று போதகரே எடுத்துக் கொடுத்தார். லிபின் தலையாட்டினான். "இதுவா?" என்று போதகர் ஒரு வசனத்தைச் சொன்னார். லிபின் மறுபடியும் தலையாட்டினான். இரண்டு தலையாட்டலில் ஜினி வேதவசனம் சொல்லி மரித்தவள் ஆனாள்.

அது அங்கேயே முடிந்திருந்தால் பரவாயில்லை. அவர்கள் சபை பழைய மிஷன் சபை. வருஷ நினைவு நாளன்று கல்லறையில் கல் வைப்பார்கள். கல்லில் பேர், பிறப்பு, இறப்பு, அதற்குக் கீழே கடைசியாகச் சொன்ன வார்த்தை. மூன்று தலைமுறையாக அப்படித்தான். அந்தக் கல்லறைத் தோட்டத்தில் படுத்திருப்பவர்கள் எல்லோரும் வசனம் சொல்லித்தான் போயிருக்கிறார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டவர் ஒருவர்கூட இல்லை.

ஜினியின் நினைவு நாளை அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருந்தார்கள். கல் வெட்டுகிற கனகதாஸ் சனிக்கிழமை பத்து மணிக்கு உளி எடுப்பதாகச் சொல்லியிருந்தார். அதாவது, லிபினின் தலையாட்டல் கருங்கல்லில் ஏற இன்னும் இரண்டு நாள் இருந்தது.

காயலிலிருந்து திரும்பும்போது மாமியார் சத்தியபாய் இருவரையும் உட்காரவைத்துப் புட்டும் கடலையும் பரிமாறினாள்.

"கனகதாசுக்கு எழுதிக் குடுத்தாச்சா?" என்று கேட்டாள்.

"வசனம் போதகரு எழுதிக் குடுத்துட்டாரு," என்றார் ரெத்தினதாஸ்.

சத்தியபாய் லிபினின் தட்டில் இன்னொரு கட்டிப் புட்டை வைத்தாள். "எனக்கு அத நெனச்சாத்தான் மக்கா ஒரு ஆறுதலு. சின்னதில ஒரு வசனம் அவ வாயில நிக்காது. நான் எத்தன அடி அடிச்சிருக்கேன். அந்தப் பிள்ளைக்கு அண்ணைக்குக் காலையில, முழு வசனம், தப்பில்லாம வந்திருக்குண்ணா அது கிருபையாக்கும்."

"ஆமா மாமி," என்றான் லிபின்.

"தப்பில்லாமத்தானே சொன்னா?"

"தப்பில்லாம."

பொய் சொல்வதிலும் அவனுக்குத் திருப்பம் வரவில்லை. நேராகப் போய்க்கொண்டே இருந்தான். ரெத்தினதாஸ் கடலையை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றுகொண்டு, தலை நிமிராமல் இருந்தார். பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவனைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, கண்டக்டர் வரட்டும் என்று ஓட்டிக்கொண்டிருக்கும் டிரைவரின் முகம் அது.

வெள்ளிக்கிழமை லிபின் அளந்தான். அறுபத்தொன்று புள்ளி எட்டு. தொழிற்சாலையில் நல்ல பாகங்கள் பதினாறைப் பிசகானவற்றின் பெட்டியில் போட்டான். மேஸ்திரி ஜெயன் அவற்றை எடுத்துவந்து மேசையில் பரப்பி, "எந்தா லிபினே, இதுகளுக்கு என்ன கேடு?" என்றார். "ஒண்ணுமில்ல," என்றான் லிபின். "பாக்க ஒரு மாதிரி இருந்துது."

சனிக்கிழமை நாலு நாற்பதுக்கு எழுந்தான். பல், சாயா, டம்ளர், அறுபத்தொன்று புள்ளி எட்டு. காலிப்பரை அன்று பெட்டியோடு பையில் போட்டுக்கொண்டான். ஏன் என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. ஜினியின் ஸ்பானர் பையையும் எடுத்துக்கொண்டான். ஒரு வருஷமாகத் திறக்காத பை அது. அதற்கும் காரணம் தெரியாது. எடுத்துக்கொண்டான், அவ்வளவுதான்.

அன்று அவனுக்கு ஒரு திட்டம் இருந்தது. மூன்றாவதைச் சுற்றிவிட வேண்டும். அவள் வைத்துவிட்டுப் போன அளவில், அவள் பலகையில், அவள் சொன்னதை மீறாமல் ஒரே ஒரு முறை சுற்றிவிட்டால், பிறகு கல்லில் எந்த வசனத்தை வெட்டினாலும் தன் பக்கம் பாக்கியில்லை என்று ஏதோ நினைத்திருந்தான். திட்டம் இவ்வளவு முட்டாள்தனமானது என்பது முதல் மிதவையிலேயே தெரிந்துவிட்டது. வால் வழுக்கியது. இரண்டாவதில் தாமதம். மூன்றாவதில் இந்த முறை உட்காரவில்லை, நிஜமாகவே விழுந்தான். சோப்புக் கால் பூட்ஸிலிருந்து உருவி வந்தது. ஸ்கீ தனியாகச் சுழன்று போய்ப் படகின் பக்கத்தில் மோதியது.

"மூணில!" என்றார் ரெத்தினதாஸ், பழக்கத்தில். குனிந்து பலகையை எடுத்து மடியில் மல்லாக்கப் போட்டுக்கொண்டார்.

லிபின் நீந்திவந்து படகின் விளிம்பைப் பிடித்தான். மாமனார் ஸ்கீயின் வாலை முகத்தருகே கொண்டுபோய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சதாசிவா, அந்தக் கண்ணாடிய இஞ்ச எடு." கண்ணாடி போட்டுக்கொண்டார். "மருமோனே, இது என்ன கோடு?"

ஃபின் பலகையின் அடியில் மட்டும் இல்லை. அது பலகையைத் துளைத்துக்கொண்டு மேற்பக்கமும் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். மேற்பக்கத்தில்தான் அதை ஸ்க்ரூக்களோடு ஒரு பிடி இறுக்கிப் பிடித்திருக்கும். அந்த மேல் விளிம்பில், பிடிக்குச் சற்று மேலே, ஒரு கோடு ஓடியது. பிடியின் விளிம்பு வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்த இடத்தில் உப்புத் தண்ணீர் அரித்து உண்டாக்கிய கோடு. கோட்டுக்கும் பிடிக்கும் நடுவே ஒரு ரூபாய் நாணயத்தின் கனம் இடைவெளி.

"இது நாள்பட்டு இஞ்ச இருந்ததில்ல," என்றார் ரெத்தினதாஸ். "ஆரோ மேல தூக்கி வெச்சிருக்கு. பஸ்ஸில லீப் பிளேட்டு நகந்தா இப்படித்தான் கோடு தெரியும்."

"நான் அண்ணைக்கே சொன்னேன்," என்றார் சதாசிவன், பீடிப் புகையோடு. "கேட்டாத்தானே? என்ஜினியரு."

லிபின் அந்தக் கோட்டைப் பார்த்தான். முந்நூற்றுச் சொச்சம் காலைகள் அவன் இந்தப் பலகையைக் குப்புறப் போட்டு அடிப்பக்கத்தை அளந்திருந்தான். ஒரு நாள்கூட மல்லாக்கப் போட்டு மேல்பக்கத்தைப் பார்க்கவில்லை. அளவு மாறவில்லை என்று ஒவ்வொரு நாளும் உறுதி செய்தான். அளவு சரிதானா என்று ஒரு நாளும் கேட்கவில்லை. இந்த ஒரு பிழைக்காகவே தொழிற்சாலையில் அவனை வேலையை விட்டு நிறுத்தலாம்.

"அவ வெச்சதாக்கும் மாமா," என்றான்.

"அவளா?"

"தொடண்டாம்ணு சொன்னா."

"எப்போ சொன்னா? அண்ணைக்கும் நான் கேட்டேன், நீ முங்கிட்ட. இண்ணைக்கு முங்கப்பிடாது."

லிபின் தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்தான். கால் குளிர்ந்தது. "அந்தப் புதன்கிழமை. ஆறே முக்காலுக்கு. அதுதான் கடைசி. வசனமெல்லாம் ஒண்ணும் சொல்லல்ல. போதகரு கேட்டாரு, நான் தல ஆட்டிட்டேன்."

சதாசிவன் எஞ்சினை நிறுத்தினார். தூரத்தில் யாரோ வலையை உதறுவது கேட்டது.

"தெரியும்," என்றார் ரெத்தினதாஸ்.

"தெரியுமா?"

"சண்டே ஸ்கூல் வசனப் போட்டியில மூணு வருஷம் அவளுக்கு ஆறுதல் பரிசு. வசனம் சொன்னதுக்கில்ல, மேடையில அழாம நிண்ணதுக்கு. அவளா காலையில எந்திரிச்சு வசனம் சொல்லுவா? ஒனக்க மாமி நம்பினா. நான் ஒரு வருஷமா ஒன்னயப் பாத்துட்டு இருக்கேன். நீயா சொல்லுவேண்ணு."

"மன்னிக்கணும் மாமா."

"அது கெடக்கட்டு." அவர் ஃபின்னை விரலால் தடவினார். "தொடண்டாம். அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"எனக்க மகளா? ஒத்த வரியோட பேச்ச நிறுத்தினாளா?" கிழவரின் குரலில் ஏமாற்றமே இருந்தது. "பஸ்ஸுக்குள்ள ஏறின பிறகும் ஜன்னல் வழியா நாலு ஊரு தாண்டுறது வரைக்கும் பேசுறவளாக்கும் அவ. நல்லா ஓர்த்துப் பாரு எலே."

லிபின் ஓர்த்துப் பார்த்தான். அதாவது, ஒரு வருஷமாகச் செய்யாமல் இருந்ததைச் செய்தான்.

முன்னறை. ஸ்கீ சோபாவில். ஜினி யூனிபாரத்தோடு தரையில் முட்டிபோட்டு, கையில் ஸ்க்ரூ திருகும் சின்ன ஆலன் கீ. அவள் போன் அடித்தது. ஒரு நர்ஸ் லீவு, சீக்கிரம் வரச் சொன்னார்கள். அவள் கீயைப் பையில் எறிந்தாள். ஷூ மாட்டிக்கொண்டே பேசினாள். வாசலில் நின்று பேசினாள். கேட்டைத் திறந்துகொண்டே பேசினாள். இவன் வாயில் பிரஷ்ஷோடு, கழுவுதொட்டியருகே நின்று, சரி சரி என்று கையை ஆட்டினான். காதில் எல்லாமே விழுந்திருந்தது. ஃபின்னைத் தொடாதே என்பதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டான். அது எளிதாக இருந்தது. செய்ய வேண்டியது ஒன்றும் இல்லாத ஒரே கட்டளை.

இப்போது மீதியும் கேட்டது. அவள் குரலிலேயே கேட்டது.

படகில் கையூன்றி ஏறினான். "மாமா, அந்தப் பைய எடுங்க."

ஸ்பானர் பையைத் திறந்தான். ஆலன் கீ மேலேயே கிடந்தது. அதில் ஒரு பச்சை ஹேர்பேண்டைச் சுற்றி வைத்திருந்தாள், தொலையாமல் இருக்க. ஹேர்பேண்டைக் கழற்றி மணிக்கட்டில் போட்டுக்கொண்டான். ஸ்க்ரூக்கள் உப்புப் பிடித்து இறுகியிருந்தன. சதாசிவன் எஞ்சின் ஆயில் இரண்டு சொட்டு விட்டார். முதல் ஸ்க்ரூ கிரீச்சிட்டுக்கொண்டு திரும்பியது. ஃபின்னை மெல்ல அழுத்தினான். கோடு பிடியின் விளிம்பில் போய் உட்கார்ந்தது, தன் வீட்டுக்குத் திரும்பியதுபோல. இறுக்கினான். பலகையைத் திருப்பி அளந்தான்.

அறுபத்துமூன்று புள்ளி நாலு.

ஒன்று புள்ளி ஆறு மில்லிமீட்டர். ஒரு வருஷமாகத் துக்கம் என்று அவன் நினைத்து வைத்திருந்ததில் அவ்வளவும் ஸ்க்ரூ.

"எறங்குவியா, வீட்டுக்குப் போலாமா?" என்றார் சதாசிவன்.

"ஒரு தடவ."

சோப்பு ஊற்றினான், காலை நுழைத்தான், குதித்தான். கயிறு விறைத்தது. எழுந்தான். முதல் மிதவையில் அவன் வழக்கம்போல வால் வழுக்கும் என்று உடம்பை இறுக்கிக்கொண்டான். வால் வழுக்கவில்லை. தண்ணீரைப் பிடித்துக்கொண்டது. பலகை தானாகத் திரும்பி வந்து காலுக்கடியில் நின்றது. இரண்டாவதுக்கு நேரத்தோடு வந்தான். மூன்றாவதைச் சுற்றியபோது படகில் மாமனார் குடையை மேலே தூக்குவதைப் பார்த்தான். பார்க்கக்கூடாது, பார்வை அப்பால் இருக்க வேண்டும். பினாயில் கேனையும் சுற்றினான். ஐந்தாவதுக்கு வரும்போது மூச்சு முட்டியது. கைப்பிடி இடுப்பைவிட்டு மேலே ஏறியது. பாரம் பின்காலுக்குப் போனது. கண் நேராக மிதவையைப் பார்த்தது. செய்யக்கூடாதவை மூன்றையும் ஒரே நேரத்தில் செய்து, தலைகீழாக விழுந்தான். இந்த விழுகையில் ஃபின்னுக்குப் பங்கில்லை. முழுக்க முழுக்க அவனுடைய சொந்த உழைப்பு.

"நாலு!" என்று கத்தினார் ரெத்தினதாஸ். "இல்ல, நாலர! சதாசிவா, நாலரதானே?"

"நாலு," என்றார் சதாசிவன். "சொந்தக்காரன்ணு கூட்டிப் போடண்டாம்."

லிபின் தண்ணீரில் மல்லாந்து கிடந்தான். மூக்கிலும் கண்ணிலும் உப்புத் தண்ணீர். காயல் தண்ணீர் இவ்வளவு சூடாக இராதே என்று நினைத்தான். படகு வட்டமடித்து வருவதற்குள் அதைக் கழுவிக்கொண்டான். காயல் அந்த வகையில் சௌகரியமான இடம்.

அவன் ஏறி உட்கார்ந்து துண்டால் தலையைத் துவட்டியபோது ரெத்தினதாஸின் போன் அடித்தது. கல் வெட்டும் கனகதாஸ். கல்லில் பென்சிலால் வசனத்தை எழுதிப் பார்த்தாயிற்று, இடம் சரியாக இருக்கிறது, பத்து மணிக்கு வெட்டத் தொடங்கட்டுமா என்று கேட்டார்.

ரெத்தினதாஸ் போனைக் கையால் பொத்திக்கொண்டு லிபினைப் பார்த்தார். "மிச்சமும் ஓர்ம வந்ததா?"

"வந்தது."

"வசனம் மாதிரி இருக்குமா?"

"இல்ல மாமா."

"கல்லில வெக்கலாமா?"

"தெரியாது. அவ சொன்னது அதுதான்."

"மாமி?" என்று லிபினே கேட்டான்.

"அவகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். முதல்ல அழுவா. பிறவு அவளுக்க குரலில அதச் சொல்லிப் பாப்பா. பிறவு சிரிப்பா. பெத்தவளுக்குத் தெரியாதா எது தனக்க பிள்ளைக்க பேச்சுண்ணு?" போனை நீட்டினார். "நீயே சொல்லு. தல ஆட்டினா கனகதாசுக்குத் தெரியாது."

லிபின் போனை வாங்கினான். ஈரக் கையில் அது வழுக்கியது.

"சொல்லுங்க," என்றார் கனகதாஸ். "மெதுவாச் சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்."

லிபின் மெதுவாகச் சொன்னான்:

"இஞ்ச பாருங்க, அந்த ஃபின்னத் தொடண்டாம். பாதிதான் ஆச்சு. நான் வந்து மீதியச் சரியாக்குவேன், கேட்டியளா?"